யுத்த பாகம் வாசிப்பவன்

ஆடி மாதம் எங்கள் ஊர்ப் பஜனை மடத்தில் இதிகாசம் வாசிப்பார்கள். மாதம் முழுக்க, தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம். அதில் யுத்த பாகம் வந்துவிட்டால் புத்தகம் என் மடிக்கு வந்துவிடும். வேறு யாரும் வாயைத் திறக்க முடியாது. அருமனை ஜங்ஷனில் பெயின்ட் கடை வைத்திருக்கிற எனக்கு, லாரி இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தித் தொண்டை அப்படி. அம்பு விடுகிற இடத்தில் நான் ஒரு சத்தம் கொடுத்தால், மழைக்கு ஒதுங்கி நிற்கிறவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள்.

வாசிப்பதோடு விடமாட்டேன். நடுநடுவே விளக்கமும் உண்டு. கடமை என்றால் என்ன, பக்தி என்றால் என்ன, உயிரைத் துச்சமாக நினைப்பது எப்படி என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். இதைச் சொல்கிற ஆளுக்கு ஊசியைக் கண்டால் உயிர் போய்விடும் என்பது என் மனைவிக்கு மட்டும் தெரியும். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போனால், மாத்திரை போதும் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சுவேன். ரத்ததான முகாம்காரர்கள் நோட்டீஸோடு கடைக்கு வந்தால், ஸ்டாக் பார்க்கப் பின்பக்கம் போய்விடுவேன். இத்தனைக்கும் என்னுடையது ஓ நெகட்டிவ். ஊரெல்லாம் தேடினாலும் கிடைக்காத குரூப். டிரைவிங் லைசென்சில் பொடி எழுத்தில் இருப்பதைக்கூட யாருக்கும் காட்டியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள். கதையில் தம்பி வேல் பட்டு விழுகிற கட்டம். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த இடம் என்றால் தனி வெறி. அவனைப் பிழைக்க வைக்க மருந்து மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது சிந்திய துண்டுதானே, கன்னியாகுமரி போகிற வழியில் நிற்கிற எங்கள் மருந்துவாழ்மலை! எங்கோ நடந்த கதை அந்த இடத்தில் மட்டும் சொந்த ஊர்ச் சமாச்சாரம் ஆகிவிடும். மடத்தில் உட்கார இடமில்லை. எனக்கோ கொண்டாட்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தம்பி விழுந்து கிடக்கிற இடத்தில் புத்தகத்தை மூடக்கூடாது. அவன் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் அன்றைய வாசிப்பை நிறுத்தலாம். விழுந்தவனை விழுந்தபடி விட்டுவிட்டுப் போனால் வாசிக்கிறவன் குடும்பத்துக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

வேல் பாய்ந்தது. தம்பி விழுந்தான். அண்ணன் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழத் தொடங்கினான். முன்வரிசையில் மூக்கை உறிஞ்சுகிறார்கள். அந்த நேரம் பார்த்து என் மனைவி கையில் போனோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் காதருகே குனிந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி, நாங்கள் மைனி என்று கூப்பிடுகிறவள், மார்த்தாண்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். காலையில்தான் அவள் மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். மத்தியானம் பெண் குழந்தை பிறந்து, தெருவுக்கெல்லாம் மிட்டாய்கூடக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. கைவசம் இருந்த ஓ நெகட்டிவை ஏற்றிவிட்டார்கள். மேற்கொண்டு உடனே வேண்டும். என் மனைவி என் குரூப்பைச் சொல்லிவிட்டாள்.

அந்தப் பெண் எங்கள் முற்றத்தில் விளையாடி வளர்ந்தவள். ஆடி மாதம் நான் மடத்துக்குக் கிளம்பும்போதெல்லாம், மாமா இன்றைக்கு யாரைக் கொல்லப் போகிறீர்கள் என்று மதில் மேலிருந்து கேலி செய்கிறவள். கேட்டதும் நான் எழுந்திருக்க வேண்டியதுதானே? எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்த புத்தகத்தைக் காட்டி, தம்பி கிடக்கிறானே, அவனை எழுப்பாமல் எப்படி வருவது, தெய்வக் குற்றம் ஆகிவிடுமே என்றேன். கூட்டத்தில் இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு அது போதாதா!

அதற்கப்புறம் நான் வாசித்த லட்சணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வழக்கமாகப் பத்து நிமிஷத்தில் மலையைக் கொண்டுவந்து இறக்குகிறவன், அன்றைக்கு ஒரு வரிக்கு மூன்று விளக்கம் சொன்னேன். மூலிகைகளின் குணம் சொன்னேன். வழியில் உள்ள நதிகளைச் சொன்னேன். அதற்குள் வேறு யாராவது போயிருப்பார்கள், கடவுளே, யாராவது போயிருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. இருபது நிமிஷம் ஆயிற்று. மலை இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

என் மனைவி மறுபடியும் வந்தாள். நாலு பேர் முன்னால் சத்தமாகப் பேசி அறியாதவள். என் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தம்பி எழும்புத வரைக்கும் நான் வாசிக்கேன். அங்க ஒரு பிள்ள எழும்பணும். நீங்க போங்க."

மடமே என்னைப் பார்த்தது. எப்படி வெளியே வந்தேன், எப்படி ஆட்டோவில் ஏறினேன் என்று ஓர்மை இல்லை. மழை கொட்டுகிறது. விஷயம் தெரிந்ததும் ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. முன்னால் ரப்பர் மரத்தடி ஏற்றிய லாரி ஒன்று ஆடி அசைந்து போகிறது. தலையை வெளியே நீட்டி என் யுத்த பாகத் தொண்டையால் ஒரு கத்துக் கத்தினேன் பாருங்கள், லாரி ஓரம் கட்டிவிட்டது! ஆட்டோ பறந்தது. சீக்கிரம், சீக்கிரம் என்று மனம் துடிக்கிறது. அதே மனம், டயர் பஞ்சரானால் நன்றாக இருக்கும் என்றும் சொல்கிறது. என்ன பிறவியோ நான். மேல்புறம் தாண்டியதும் மனைவியின் போன் வந்தது. தம்பி எழுந்து உட்கார்ந்தாயிற்று, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் மைனி நின்றிருந்தாள். என் கையைப் பிடித்து விறுவிறு என்று கூட்டிக்கொண்டு போனாள். ரத்தம் எடுக்கிற அறையில் ஒரு சின்ன வயது நர்ஸ் பிரஷர் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. இவ்வளவு இருந்தால் எடுக்க முடியாது, பத்து நிமிஷம் அமைதியாக உட்காருங்கள், இறங்காவிட்டால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும் என்றாள்.

அப்பாடா, தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. பொய் சொல்வானேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மைனி நின்று, எல்லாம் சரிதானே என்பதுபோலத் தலையை ஆட்டிக் கேட்டாள். எனக்கு என் மேலேயே ஆத்திரம் பொங்கியது. வேறு ஆள் எங்கே இருக்கிறது? ஆத்திரப்பட்டால் பிரஷர் இன்னும் ஏறுமே, அதற்கும் வழியில்லை. நல்ல மாட்டு மாட்டினேன்.

கடலைத் தாண்டிப் போனவனை நினைத்தேன். தாண்டுவதற்கு முன்னால் அவன் கரையில் ஒரு ஓரமாக, பேசாமல் உட்கார்ந்திருக்கிற இடம் ஒன்று வரும். சண்டை இல்லாத இடம் என்பதால் அது என் பங்கில் வராது. மைனிதான் வாசிப்பாள். நான் அந்த நேரம் காப்பி குடிக்கப் போய்விடுவேன். உன்னால் முடியும், எழுந்திரு என்று மற்றவர்கள் சொன்ன பிறகுதான் அவனே எழுந்திருக்கிறான். அவ்வளவு பெரிய ஆளுக்கே ஒருத்தர் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு மடத்தில் அத்தனை பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது. இனி எழுந்திருப்பதுதான் பாக்கி. கண்ணை மூடி, மூச்சைப் பைய விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நர்ஸ் மறுபடியும் பார்த்தாள். இறங்கியிருந்தது. ஊசி ஏறியபோது நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பை நிறைந்தது. ரத்தத்தைச் சோதித்து அவளுக்கு ஏற்றினார்கள். ரத்தப்போக்கு நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று டாக்டர் வந்து சொன்னதும் மைனி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சந்தோஷத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இருபத்தெட்டாம் நாள் குழந்தையின் இடுப்பில் நூல் கட்டினார்கள். மைனி வீட்டில் பந்தல், பாயசம். போகிற இடமெல்லாம் எனக்கு ஒரே மரியாதை. மலையைத் தூக்கி வந்தவர் வருகிறார், வழி விடுங்கள் என்கிறார்கள். கேட்கக் கேட்க உடம்பு கூசியது. பந்தலுக்குள் குழந்தையோடு உட்கார்ந்திருந்தவளிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

"மக்கா, நான் ஒடனே வரல்ல. ஊசிக்கு பயந்து இருபது நிமிசம் புத்தகத்துக்க பின்னால ஒளிஞ்சிருந்தேன்."

அவள் குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

"தெரியும் மாமா. அத்த அன்னைக்கே சொல்லியாச்சு. அதுக்கு முன்ன அம்மா ஆஸ்பத்திரி லிஸ்டுல உள்ள ஏழு பேரக் கூப்பிட்டாவ. ஊசிக்கு பயமில்லாதவிய எல்லாரும். ஒருத்தரும் வரல்ல." எழுந்து நின்று குழந்தையை என் பக்கம் நீட்டினாள். "பயந்துக்கிட்டுன்னாலும் நீங்கதான் வந்திய. பிடிங்க, தலைக்குக் கீழ கையக் குடுங்க."