செவலைக்குப் பட்ட கண்

முத்தையாபுரம் மாசானத்தைப் பொறுத்தவரை உலகத்தில் நோய் என்று ஒன்று கிடையாது. கண்ணேறு மட்டும்தான் உண்டு. பைக் பஞ்சரானாலும் கண், மருமகனுக்கு ஹார்பர் வேலை தள்ளிப்போனாலும் கண். ஆகவே அவருடைய பசு செவலை இருமத் தொடங்கி, விலா தெரிய மெலிந்தபோது, டாக்டரைத் தேடாமல் கண் வைத்த ஆளைத் தேடினார். உடனே கிடைத்தாள். பால் வாங்க வரும் முத்துக்கனி போன மாதம்தான், "மடி என்னமா இருக்கு அண்ணாச்சி!" என்று வாயை விட்டிருந்தாள்.

அன்றே உரச்சாக்குகளைச் சேர்த்துத் தைத்துத் தொழுவத்தை நாலு பக்கமும் மூடினார். கண்ணும் உள்ளே போகவில்லை, காற்றும் போகவில்லை. செவலை இரும, அவரும் கூட உட்கார்ந்து இருமினார். செவ்வாய், வெள்ளியில் உப்பும் மிளகாயும் சுற்றி, அதன் முகத்துக்கு நேரே மூன்று முறை துப்பினார். மாடுகளைச் சோதிக்க வந்த கால்நடை டாக்டர் சரண்யாதேவியை, அந்தம்மாவுக்குப் பெரிய முழி என்று வாசலோடு திருப்பி அனுப்பினார்.

மசக்கை தாங்காமல் ஒரே மகள் உமாராணி மூன்றாம் மாதமே தாய்வீட்டுக்கு வந்தாள். மாசானம் உருகிப்போனார். தினமும் கறந்த சூடு ஆறுமுன் பாலை அவரே கொண்டுபோய் நீட்டுவார்.

"காய்ச்சித் தாங்கப்பா, பச்சைப்பால் குமட்டுது."

"ஏளா, காய்ச்சினா சத்தெல்லாம் அடுப்புக்குல்லா போகும்! மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடி."

குடித்து முடிக்கும்வரை நகரமாட்டார்.

ஏழாம் மாதம் அவள் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி எழும்பியது. வளைகாப்புக் கூட்டத்தின் கண் என்றார் மாசானம். ஆஸ்பத்திரியில் ஊசி குத்திப் பார்த்து, காசநோய் என்றார்கள். பச்சைப்பால் சங்கதி தெரிந்ததும் அங்கிருந்தே சரண்யாதேவிக்குப் போன் போனது. அவர் சாக்கை விலக்கி உள்ளே போய் செவலையின் கழுத்தில் காசநோய்ச் சோதனை ஊசி போட்டார். மூன்றாம் நாள் வந்து, ஊசி போட்ட இடத்து வீக்கத்தைத் தடவிப் பார்த்தார். அதற்கும் அதே நோய்தான்.

"பால் வழியா, மூச்சு வழியா மாட்டுகிட்ட இருந்து மனுசனுக்கு வரும். மனுசன்கிட்ட இருந்து மாட்டுக்கும் போகும். நீங்களும் சளியைச் சோதிச்சிருங்க அண்ணாச்சி."

மாசானத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெருவே எங்க பாலைத்தான் குடிக்கி. ஒருத்தருக்காவது கட்டி வந்திருக்கா?" சாட்சிக்கு நேரே முத்துக்கனி வீட்டில் போய் நின்றார்.

"எங்களுக்கு ஏன் வரப்போவுது அண்ணாச்சி? நல்லாக் கொதிக்காம எங்க வீட்டுல ஒரு சொட்டு யாரும் தொட மாட்டாவ."

அடுத்த வீட்டிலும் அதே பதில். அவர் விற்ற பாலெல்லாம் தெரு முழுக்கக் கொதித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கொதிக்காத பால் ஒரே ஒருத்திக்குத்தான் போயிருக்கிறது.

வீட்டில் உமாராணி மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வயித்துப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லாப்பா?"

"மாத்திரையை விடாமத் தின்னா ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லுதாவ," என்றார். இந்த ஒரு முறை யார் கண் என்று அவர் சொல்லவில்லை.

"அப்பா, முழுங்கத் தண்ணி தாங்க."

எழுந்தவர் அப்படியே நின்றார். தன் கையைக் கண்டே அவருக்குப் பயமாக இருந்தது.

"அம்மையிட்ட வாங்கிக்கோளா," என்றார்.