இடி வந்ததும் கழற்றிய வயர்

தகரக் கூரைக்கு மேலே இடி இடிப்பதற்கு முன்பே ட்ரான்சிஸ்டருக்குள் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும்... அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்.

வீட்டுக்காரருக்கு ஃபேக்டரி இன்ஜின் ரூமில் வேலை. ஆசைப்பட்டு வாங்கிய ரேடியோ, சாப்பாட்டு டப்பா அளவுதான். மலைக்கு நடுவே சரியாக எடுக்காது என்று, நாங்கள் குடியிருந்த லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் நின்ற மரத்தின் உச்சியிலிருந்து செம்பு வயர் ஒன்றை ஜன்னல் வழியாக இழுத்து அதில் மாட்டியிருந்தார்.

"வானம் கறுத்தா மொதல்ல வயர கழட்டி வெளிய போட்டுரு. மின்னல் அது வழியா உள்ள வந்துரும். செட்டும் தாங்காது, நீயும் தாங்க மாட்ட" என்பார்.

லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையான காம்பராவில் ராக்கம்மா அக்கா. அவர் மகள் செல்விக்குப் பத்து வயது. அவளோடு தோட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப்போய், ரேடியோ சிறுவர் நிகழ்ச்சிக்குப் பாடவைத்துப் பதிவு செய்திருந்தார்கள். அது ஒலிபரப்பாகும் முன்பே... காய்ச்சலில் பிள்ளை போய்விட்டது.

அது ஒலிபரப்பாக இருந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா தலை முழுகி வந்து எங்கள் ரேடியோ முன்னால் உட்கார்ந்தார். லயத்துப் பிள்ளைகளும் ஏழெட்டுப் பேர். வீட்டுக்காரர் டவுனுக்குப் போயிருந்தார்.

வானம் கறுத்தது. அப்போதே கழற்றியிருக்க வேண்டும். அக்கா முகத்தைப் பார்த்ததும் கழற்ற மனம் வரவில்லை.

அறிவிப்பாளர் எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார். அதே நேரம் எதிர்மலையில் மின்னல்.

"அக்கா, வயர கழட்டணும்!"

"வேணாம் தங்கச்சி... ஒரு பாட்டுதான. எம் புள்ள இப்ப பாடும்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். உதறிவிட்டு, துணியைச் சுற்றி வயரைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். அழுதுகொண்டே ரேடியோவை அவர் மடியில் வைத்தேன். எனக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டது. அக்கா அதன்மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மரத்திலேயே விழுந்தது இடி. வெளியே கிடந்த வயர் கருகி, ஜன்னலுக்குக் கீழே மண் புகைந்தது. பிள்ளைகள் அலறினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிள்ளைகளின் அலறல் அடங்கியதும் கேட்டேன்.

"அக்கா... கேட்டிச்சா?"

"கேட்டிச்சி புள்ள. நல்லா பாடுனா."

அதை நம்பித்தான் பல வருஷம் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு, இரு நாட்டு ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களை அனுப்பியபோது அக்கா குடும்பமும் இந்தியாவுக்குப் புறப்பட்ட அன்று, ஸ்டேஷனில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு ஒண்ணுமே கேக்கல தங்கச்சி. நீ அழுதுகிட்டு நின்ன, அதான் அப்பிடி சொன்னேன். அத்தன புள்ளைங்க உள்ள இருந்துச்சே... நீ செஞ்சதுதான் சரி."

ரயில் வந்ததும் அக்காவின் மூட்டையைத் தூக்கி ஏற்றிவிட்டேன்.

இப்போது மகள் வீட்டில் மின்னலைத் தாங்கவென்றே தனியாக ஒரு ப்ளக் பொருத்தியிருக்கிறார்கள். இருந்தாலும் இடித்தால் நான் எழுந்துபோய் ஃபோன் சார்ஜரைக் கழற்றிவிடுவேன். "ஒண்ணும் ஆகாதும்மா" என்று மகள் சிரிப்பாள். பேரன் பாடியது, பேசியது, தூக்கத்தில் உளறியது எல்லாம் அந்த ஃபோனில்தான் இருக்கிறது. நினைத்தபோது போட்டுக் கேட்கிறாள்.

செல்வி அன்றைக்கு என்ன பாட்டுப் பாடினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது...