சாமி என்று கூப்பிட்ட குரல்

நான் சொல்லச் சொல்லப் புகாரை மருமகள் எழுதினாள். கையெழுத்து மட்டும் என்னுடையது.

ரெண்டு எருமையை நாலாக்கலாம் என்று, அவற்றை விற்ற பணத்தைக் கிரிப்டோ காசில் போட்டேன். போனில் பேசியவன், எங்கள் ஊரில் பாசமாகக் கூப்பிடுவதுபோல், என்னைச் "சாமி" என்று கூப்பிட்டான். எங்கள் நாமக்கல் பக்கத்து ஆள் என்று நம்பினேன். பணம் போனதும் அவன் போனை எடுக்கவில்லை. ஊர் சிரிக்குமே என்று ஒரு மாதம் வாய் திறக்கவில்லை. பிறகுதான் மருமகள் சைபர் போலீசுக்குக் கூட்டிப் போனாள்.

"அவுங்க மருவாதியாத்தானுங்க பேசுனாங்க" என்றேன்.

பெண் போலீஸ் நிமிர்ந்தார். "திருடனுக்கு எதுக்குங்கம்மா இத்தனை 'ங்க'? அன்னைக்கே சொல்லியிருந்தா பேங்குலயே பணத்தை நிறுத்தியிருக்கலாமுங்க."

எனக்கு அழுகைகூட வரவில்லை. கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். கையெழுத்தே போட்டேன்.

கட்டுத்தறி காலியாகக் கிடக்கிறது. இப்போது போனில் யார் சாமி என்றாலும், எந்த ஊர், யார் மகன் என்று கேட்கிறேன். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.