கொழும்புக் கோர்ட்டு அவிழ்த்த தாலி

மன்னிக்கச் சொல்லும் சுவிசேஷம் எனக்கும் தெரியும். ஞாயிறு தவறாமல் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆனால் என் பெரியம்மை மதலேனாள் மன்னித்தாள் என்று எழுதினால் அது பச்சைப் பொய். அவள் பழிவாங்கினாள். அவசரப்படாமல், வயிறு குளிர வாங்கினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு குளிரத்தான் செய்கிறது.

குளச்சலுக்கு மேற்கே எங்கள் துறை. பெரியம்மை மீன் விற்றுப் பிழைத்தவள். பனையோலைக் கடவம் நிறையச் சாளையோ அயிலையோ தலையில் ஏற்றிக்கொண்டு புதுக்கடைச் சந்தைக்கு ஓட்டமும் நடையுமாகப் போவாள். நெட்டையான உடம்பு, கணீரென்ற குரல். விலையைக் குறைத்துக் கேட்கிறவன் அவள் பார்வையைக் கண்டதும் வாயை மூடிக்கொள்வான்.

சுதந்திரம் வந்த வருஷம் அவளுக்குக் கல்யாணம். அப்பன் பார்த்து வைத்திருந்தது வேறொரு ஆளை. கரைமடி வலை இழுக்கும் கூட்டத்தில் பாட்டு எடுத்துக் கொடுக்கிற சிலுவைமுத்துதான் வேண்டும் என்று இவள் சோறு தின்னாமல் கிடந்தாள். கடைசியில் அப்பன் இறங்கி வந்தார். இதெல்லாம் வீட்டுக்குள் நடந்தது, ஊருக்குத் தெரியாது. சிலுவைமுத்துவுக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில் அவளே வெட்கத்தோடு சொல்லியிருந்தாள்.

மறு வருஷமே அவன் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போனான். கருவாட்டு மொத்தக் கடையில் வேலை. வீடு பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றான். கூப்பிடவே இல்லை. இங்கே அவன் அம்மை வாதம் வந்து படுத்துவிட்டாள். சந்தையிலிருந்து திரும்பியதும் மாமியாரைப் புரட்டிக் குளிப்பாட்டுவதும், கஞ்சி ஊட்டுவதும், பீத்துணி அலசிப் போடுவதும் பெரியம்மையின் வேலை. அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஐம்பதாம் வருஷம் கொழும்புக் கோர்ட்டிலிருந்து காயிதம் வந்தது. முழுக்க இங்கிலீஷ். பள்ளிக்கூடத்து ராஜபாய் டீச்சரிடம் கொண்டுபோனாள். டீச்சர் தனக்குள் வாசித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"பொறவு பேசலாம் மதலேன். நீ போய்க் கஞ்சி குடி."

"எனக்கு வந்த காயிதம்தானே. வாசிங்க டீச்சர்."

டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மனைவி புருஷனோடு வாழ மனமில்லாமல் வேண்டுமென்றே அவனை விட்டுப் போய்விட்டாள். கோர்ட்டு அழைத்தும் வரவில்லை. ஆகவே விவாகரத்து. அழைத்தார்களாம், கொழும்புப் பத்திரிகையில் விளம்பரம் போட்டு. எங்கள் துறைக்கு மழை வந்தால் தபாலே வராது, கொழும்புப் பத்திரிகை எங்கிருந்து வரும்.

"நான் விட்டுட்டுப் போயிட்டேனாமா?" என்றாள் பெரியம்மை. "அப்ப வீட்டுக்குள்ள கிடக்குதது ஆருக்க அம்மை?"

அழவில்லை. அன்றைக்கும் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டினாள். அந்தக் கிழவி மறு வருஷம் செத்தபோது மகன் வரவில்லை, அடக்கம் செய்ததும் பெரியம்மைதான். அதன் பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு அப்பன் வீட்டுக்கு, எங்களோடு இருக்க வந்துவிட்டாள். அதற்குள் ஊர் பேச ஆரம்பித்திருந்தது. நெருப்பில்லாமல் கோர்ட்டு எழுதுமா என்றார்கள். குழாயடியில் இவள் வந்தால் பேச்சு நின்றுவிடும். புருஷனை விட்டு ஓடினவள் என்ற பேர் அவளைச் சுட்டது. அவன் போனதைக்கூடப் பொறுத்திருப்பாள். அந்தப் பேரை அவள் பொறுக்கத் தயாராக இல்லை.

ஐம்பத்திரண்டில் சிலுவைமுத்துவே திரும்பி வந்தான். இலங்கையில் நம் ஆட்களுக்குத் தங்கும் பெர்மிட் புதுப்பிக்காமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். தகரப்பெட்டியும் கோட்டுமாக வந்து இறங்கினான். பக்கத்துத் துறை வள்ளக்காரர் வீட்டில் கிளாரா என்ற பெண்ணைப் பேசி முடித்தான். கையில் கோர்ட்டுக் காயிதம் இருக்கிறது, இனி என்ன என்று நினைத்துவிட்டான் மடையன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பு. பெண்ணுக்கு அவள் கோவிலிலும் மாப்பிள்ளைக்கு அவன் கோவிலிலும் வாசிக்க வேண்டும். ஓலைக்குப் பேர் கொடுக்கப் போனவன் சிவப்பு முத்திரைக் காயிதத்தை எங்கள் சாமியார் முன்னால் வைத்தான். சாமியார் அதைத் தொடக்கூட இல்லை.

"கொழும்புக் கோர்ட்டா உனக்குக் கெட்டி வச்சுது? இந்தப் பீடத்தில வச்சுத்தானே கெட்டின? மதலேனாள் இருக்கது வரைக்கும் உனக்கு இங்க ஓலை கிடையாது."

வேறு சபைக்குப் போய்க் கட்டலாம் என்றால் கிளாராவின் அப்பன் கோவில் கல்யாணம் இல்லாமல் பெண் கிடையாது என்றுவிட்டார். நாகர்கோவிலில் மனு எழுதிப் பிழைக்கும் முத்துநாயகத்திடம் ஓடினான். முத்துநாயகம் வழி சொன்னார். ஆயர் இல்லத்தில் பிஷப்பிடம் மனுக் கொடு, முதல் கல்யாணம் கல்யாணமே இல்லை என்று தீர்ப்பு வாங்கு. அப்பன் அடித்துக் கட்டாயப்படுத்தித்தான் கட்டிவைத்தார், எனக்குச் சம்மதமில்லை என்று அந்தப் பெண் சத்தியம் பண்ணிச் சொன்னால் போதும். அப்பன் செத்தாச்சு, மறுத்துச் சொல்ல ஆளில்லை.

ஆக, விட்டுப் போனவள் என்று எழுதி வாங்கினவன் அவள் வாசலுக்கே வந்து நின்றான். பெரியம்மை வாளை மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். பட்டினி கிடந்து அவனைக் கட்டினவளிடம், கட்டாயத்துக்குக் கட்டினேன் என்று சொல்லச் சொல்கிறான். எனக்கு அவன் மூஞ்சியில் கடவத்தைக் கவிழ்க்கலாம் போலிருந்தது. பெரியம்மை நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஆயர்கிட்ட வாறேன். கேக்கதுக்குப் பதிலும் சொல்லுதேன். அதுக்கு முன்ன ஒரு காரியம் நீரு செய்யணும்."

"என்ன வேணும்னாலும் பறை."

"நான் உம்ம விட்டுட்டுப் போகல்லன்னு வாற ஞாயிறு பூச முடிஞ்சதும் கொடிமரத்துக்கு அடியில நின்னு எல்லாருக்கும் கேக்கச் சொல்லணும்."

அவனுக்கு வேறு வழி இல்லை. அந்த ஞாயிறு கோட்டு மாட்டிக்கொண்டு கொடிமரத்தடியில் நின்றான். பூசை முடிந்து வந்த சனம் என்னவோ என்று கூடிவிட்டது.

"மதலேனாள் என்ன விட்டுட்டுப் போகல்ல," என்றான். "நான்தான் கூப்பிடல்ல. காயிதத்தில உள்ளது பொய். எனக்க அம்மைய அவதான் கடைசி வரைக்கும் பாத்தா."

"பின்னால நிக்கவங்களுக்குக் கேக்கல்ல," என்றாள் பெரியம்மை.

இன்னொரு தடவை உரக்கச் சொன்னான். குழாயடியில் பேச்சை நிறுத்தின பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தாள். கணக்கு அதோடு தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆயர் இல்லத்துக்கு அழைத்த அன்று நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் நாகர்கோவிலுக்குப் போனோம். துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டாள். சிலுவைமுத்து வெளியே மரத்தடியில் நின்றான், நான் அவளோடு உள்ளே போய்க் கதவோரம் நின்றேன். உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு சாமியார், எழுதுவதற்கு இன்னொருவர். பெரியம்மை வேதபுத்தகத்தின் மேல் கை வைத்தாள்.

"உன்னைக் கட்டாயப்படுத்திக் கல்யாணம் செய்து வைத்தார்களா?"

"அப்பன் கட்டாயப்படுத்தினது உண்டு சாமி."

எழுதுகிற சாமியார் குனிந்தார்.

"வேற ஆளைக் கெட்டச் சொல்லி. நான் மூணு நாளு சோறு தின்னாம கிடந்து இவரைத்தான் கெட்டுவேன்னு நின்னேன். முழுச் சம்மதத்தோடதான் கெட்டுனேன். ஆசப்பட்டுக் கெட்டுனேன்."

கேள்வி கேட்ட சாமியார் மனுவைப் புரட்டினார். "அவர் மனுவில் வேறு மாதிரி இருக்கிறதே, அம்மா. இந்தக் கல்யாணம் செல்லும் என்று ஆகிவிட்டால் நீயும் இன்னொருவரைக் கட்ட முடியாது. தெரியுமா?"

"தெரியும் சாமி. எழுதிக்கிடுங்க."

வெளியே வந்ததும் அவன் ஓடி வந்தான். "சொன்னியா?"

"கேட்டதுக்கெல்லாம் சொன்னேன்."

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்களை ஓட்டலுக்கு அழைத்துப்போய் ரசவடை வாங்கிக் கொடுத்தான். பெரியம்மை நன்றாகத் தின்றாள். இன்னொன்று கேட்டும் வாங்கினாள். பஸ்ஸில் ஒரு இடம்தான் இருந்தது, அதில் அவளை உட்கார வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தான். எனக்குச் சிரிப்பு வராமலிருக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

தீர்ப்பு வர மாதங்கள் ஆயின. அதற்குள் அவன் வீட்டுக்கு வெள்ளையடித்தான், புதுக் கட்டில் செய்தான், கிளாராவுக்குப் பட்டுச் சேலை எடுத்தான். பெரியம்மை தினமும் அந்த வழியாகத்தான் சந்தைக்குப் போனாள். வெள்ளை நன்றாயிருக்கிறது என்று ஒருநாள் நின்று சொல்லிவிட்டும் போனாள்.

மனு தள்ளுபடி என்று சாமியார் அவனைக் கூப்பிட்டுச் சொன்ன அன்று, நேரே எங்கள் முற்றத்துக்கு வந்தான்.

"ஏட்டி, ஏன் இப்பிடிச் செய்த?"

"பொய் சொல்லச் சொன்னீரு. கொழும்பில ஒண்ணு நீரே சொல்லி முடிச்சாச்சு. எனக்க வாயில அது வரல்ல."

"ஆசப்பட்டுக் கெட்டுனேன்னு சொன்னியாமே."

"ஆமா. அது உள்ளதுதான்."

அவன் வந்த வழியே போனான். கிளாரா பாவம் என்று சிலர் சொன்னார்கள். கிளாராவை முட்டத்தில் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள், அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை. அந்தப் பட்டுச் சேலை மட்டும் அவன் தகரப்பெட்டியில் கிடந்து செல்லரித்தது.

ஐம்பத்தாறில் திருவிதாங்கூரிலிருந்த எங்கள் தாலுகாக்கள் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தன. ஊரெல்லாம் கொடியும் வெடியுமாக இருந்தபோது, புது ராஜ்யத்தில் கொழும்புக் காயிதம் செல்லுமா என்று கேட்டுக்கொண்டு அவன் சாமியார் வீட்டுக்குப் போனான். ராஜ்யம் மாறினாலும் கோவில் மாறவில்லை என்று சாமியார் அனுப்பிவிட்டார். மறுநாள் காலை பெரியம்மை அவன் வாசலில் கடவத்தை இறக்கி, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்.

"எனக்க மாப்பிளைக்கு மீன் வேணுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு வந்து வாங்கினான். சமைக்க ஆளில்லாத வீடு, அவனே கழுவி அவனே குழம்பு வைக்க வேண்டும். அதற்குப் பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டது.

ஒருநாள் சந்தைக்குப் போகும் வழியில் நான் கேட்டேன். "இன்னும் எதுக்குப் பெரியம்மை இந்தத் தாலி? களத்திப் போட்டா என்ன?"

அவள் தாலியை ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்து வெளியே தெரிய விட்டுக்கொண்டாள்.

"களத்துனா அவன் தப்பிச்சிருவாம்லா மக்கா."