பரோட்டா கல்லுக்கு மட்டம் பார்த்த சனிக்கிழமை

புறவாசலில் தோசை அடுப்பு வேண்டும் என்று முதலில் கேட்டது நான்தான். அதை மறைப்பதற்கில்லை. பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் என் கணவர்தான் காரணம் என்றாலும், தொடங்கி வைத்தது நான்.

சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாமரங்களும் கொஞ்சம் காலி இடமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் என் நாத்தனார் கணவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். எல்லோரும் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்வார்கள். நான் உள்ளே அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருப்பேன். நாத்தனாரின் கணவர் ஏதோ சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு மட்டும்தான் கேட்கும். என்ன சொன்னார் என்று தோசைக் கரண்டியும் கையுமாக ஓடிப்போய்க் கேட்டால், "அது ஒண்ணுமில்ல மதினி, சும்மா" என்பாள் நாத்தனார். திரும்பி வருவதற்குள் கல்லில் கிடந்த தோசை கருகியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிடப் பெரிய சிரிப்பாகக் கேட்டது. என் கணவர் நாற்காலியோடு பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. எதற்குச் சிரித்தார்கள் என்று ஒருவருக்கும் திருப்பிச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கே சொல்லிவிட்டேன்: இனிமேல் தோசை மரத்தடியில்தான், கல்லை வெளியே கொண்டுவாருங்கள்.

என் கணவர் சாலை போடும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் சர்வேயராக இருக்கிறார். எதையும் மட்டம் பார்க்காமல் நம்ப மாட்டார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, கையில் கொடுத்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய், சுவரில் சாய்ந்திருந்த எங்கள் தாத்தா படத்தை நேராக்கிவிட்டு வந்து உட்கார்ந்தவர். பொறுப்பான மாப்பிள்ளை என்று என் அப்பா அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். அது பொறுப்பு இல்லை, வியாதி என்று எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது.

நான் கேட்டதும் அவர் நாலு நாள் கைபேசியில் வெளிநாட்டுக்காரர்கள் தோட்டத்தில் சமைக்கும் வீடியோக்களாகப் பார்த்தார். கட்டில் மாதிரி அகலமான இரும்புத் தகடு, அடியில் வரிசையாக கேஸ் பர்னர்கள், நகர்த்துவதற்குச் சக்கரங்கள், மேலே மூடி. ஐந்தாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே அறிவித்தார், தகடு தட்டையாக இல்லாவிட்டால் எண்ணெய் ஒரு பக்கம் ஓடிவிடும், ஆகவே மட்டம்தான் முக்கியம் என்று. எனக்குத் தோசை எழும்பி வருவதுதான் முக்கியம். சேலையைத் தோளில் போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? அதனால் கடைக்குப் போகும்போது ஒரு தூக்குச்சட்டி நிறைய மாவு எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் வேலைத்தளத்திலிருந்து மத்தியானமே வந்துவிட்டார். அப்படியே காரில் திருநெல்வேலிக்குப் புறப்பட்டோம். முதல் கடை குளிர்சாதனம் போட்டது. கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞர் வெளிநாட்டுத் தயாரிப்பு ஒன்றைக் காட்டினார். பளபளவென்று இருந்தது. இதில் தோசை வருமா என்று கேட்டேன். எல்லாம் வரும் மேடம் என்றார். நான் தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தேன். அவர் இரண்டு அடி பின்னால் போனார். அதற்குள் என் கணவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துத் தகட்டின் நடுவில் வைத்தார். அது ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு, மேற்கே உருண்டு, கீழே விழுந்து, குளிர்பதனப் பெட்டிகளுக்கு அடியில் போய்விட்டது. பாவம், அந்த இளைஞர் தரையில் படுத்து எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது கடையில் பற்றவைத்துக் காட்ட சிலிண்டர் இல்லை. மூன்றாவது கடையில், வெளிச் சாப்பாட்டுக்கு உள்ளே அனுமதி இல்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். இது சாப்பாடு இல்லை, மாவு என்றேன். அவர்கள் அதைக் காதில் வாங்கவில்லை.

கார் வெயிலில் நின்றதில் மாவு பொங்கி மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தது. வண்ணார்பேட்டையில் ஒரு பரோட்டா கடை மாஸ்டரிடம் விசாரித்தோம். ஓட்டல்காரர்களெல்லாம் மேலப்பாளையத்தில் ஒரு பட்டறையில்தான் கல் வாங்குகிறார்கள் என்று அவர் வழி சொன்னார்.

பட்டறை கடைவீதியின் நடுவில் இருந்தது. வாசலிலிருந்து உள்சுவர்வரை இரும்புக் கல்லாகச் சாத்தியும் படுக்க வைத்தும் இருந்தது. முதலாளி பாய் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"கடை எங்கன போடுதீய அண்ணாச்சி?"

கடை இல்லை, வீட்டுக்கு என்றார் என் கணவர். வீட்டில் எத்தனை பேர் என்று பாய் கேட்டார். எங்கள் பிள்ளையோடு சேர்த்து மூன்று பேர். பாய் என்னைப் பார்த்தார். நான் தூக்குச்சட்டியைப் பார்த்துக்கொண்டேன்.

ஆறு கற்களைத் தரையில் வரிசையாகப் போடச் சொன்னார் என் கணவர். பாய் ரசமட்டம் வைத்துக் காட்டினார். குமிழி நடுவில்தான் நின்றது. ரசமட்டம் வைத்த இடத்தை மட்டும்தான் சொல்லும், முழுக் கல்லையும் சொல்லாது என்று இவர் வாதாடினார். பிறகு காருக்குப் போனார். வேலைத்தளத்திலிருந்து நேராக வந்ததால் லெவல் கருவி காரிலேயே இருந்தது.

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் மூன்றுகால் தாங்கியை விரித்துவிட்டார். பட்டறைக்குள் இடம் போதாததால் நடுத்தெருவில். அளவுகோலை என் கையில் கொடுத்து, ஒவ்வொரு கல்லிலும் ஐந்து இடத்தில் வைத்துப் பிடிக்கச் சொன்னார். எண்களைப் படித்து நோட்டில் எழுதிக்கொண்டார். அதன்பிறகு, அளவுகளை ஒப்பிட மாறாத ஓர் இடம் வேண்டும் என்று என்னைத் தெருவைக் கடக்க வைத்து, எதிரே இருந்த டீக்கடைப் படியில் கோலை நிறுத்தச் சொன்னார். ஒரு கையில் ஆளுயரக் கோலும் இன்னொரு கையில் மாவுமாக நான் அந்தப் படியில் நின்றேன்.

டீக்கடை அண்ணாச்சி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என் கணவரிடம் போனார்.

"என்ன வே, எம்புட்டுப் போவும்?"

என் கணவர் கருவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாய்தான் கல்லைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

"நடுவுல மூணு போவும். ரெண்டு ஓரத்துலயும் ஒண்ணும் ஆவாது."

டீக்கடை அந்தக் கடை வரிசையின் நடுவில் இருந்தது.

அடுத்த ஐந்து நிமிடத்தில் அந்தத் தெருவே மாறிவிட்டது. ஜவுளிக்கடைக்காரர் வாசலில் தொங்கவிட்டிருந்த நைட்டிகளை உள்ளே இழுத்தார். பழக்கடைத் தள்ளுவண்டி தானாகப் பின்வாங்கியது. சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம், நடுவில் இருக்கிற கடைகளுக்கு மூன்று அடி போகிறதாம், ஓரத்துக் கடைகளைத் தொடவில்லையாம். அது எப்படி என்று ஒரு கேள்வி கிளம்பியது. தெருமுனை மருந்துக்கடைக்காரர் மேலே யாரையோ பார்த்துவிட்டார் என்று ஒரு பதிலும் உடனே வந்தது. அந்த மனிதர் பாவம், எதுவும் தெரியாமல் யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பீடி இலைக் கட்டோடு வந்த ஓர் அம்மா என் தூக்குச்சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்கு அறிவித்தார்.

"குறி போடதுக்குச் சுண்ணாம்பும் கொண்டாந்துட்டாவ."

கூட்டம் என் பக்கம் திரும்பியது. கோலைப் போட்டுவிட்டு ஓடலாம் என்றால் கார்ச் சாவி அவரிடம் இருந்தது. அவரோ, கோல் ஆடுகிறது, நேராகப் பிடி என்று அங்கிருந்து கையாட்டினார். பாய் வெளியே வந்து, இவர்கள் வீட்டுக்குத் தோசைக்கல் வாங்க வந்தவர்கள் என்று எல்லோருக்கும் விளக்கினார். பாயையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார்கள்.

"தோசக்கல்லுக்கு எவன் வே லெவல் மிஷின் வைப்பான்?" என்று கேட்டார் டீக்கடை அண்ணாச்சி. இருபது வருடமாக நான் கேட்டுவரும் கேள்விதான் அது.

எனக்கு வேறு வழி தோன்றவில்லை. தூக்குச்சட்டியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "அண்ணாச்சி, இது சுண்ணாம்பு இல்ல, தோச மாவு. மோந்து பாருங்க."

அவர் குனிந்து மோந்தார். நிமிர்ந்தார். கூட்டம் காத்திருந்தது.

"புளிச்சிட்டு," என்றார்.

சுட்டே காட்டிவிடலாம் என்று பாய் அடுப்பைப் பற்றவைத்தார். புதுக் கல்லில் தோசை ஒட்டும் என்பதால், அந்த ஆறில், மூடிப்போன ஓட்டல் ஒன்றிலிருந்து வந்த பழைய கல்லை ஏற்றினார். எத்தனையோ வருடம் எண்ணெய் குடித்துக் கருத்த கல். டீக்கடையிலிருந்து பாதி வெங்காயமும் எண்ணெயும் வந்தன. வெங்காயத்தைத் தேய்த்துவிட்டு முதல் தோசையை ஊற்றினேன். அது இலங்கை வரைபடம் மாதிரி வந்தது. இரண்டாவது வட்டமாக வந்தது. கரண்டியை அடியில் விட்டதும் தானாக எழும்பியது. அப்படி ஒரு தோசை என் வீட்டுக் கல்லில் ஒருநாளும் வந்ததில்லை. டீக்கடை அண்ணாச்சி வடைக்கு வைத்திருந்த சட்டினியைக் கொண்டுவந்தார். பட்டறை வாசலில் நின்று அந்தத் தெருவே தின்றது. மருந்துக்கடைக்காரருக்கு நாலாவது தோசை போனது. சுண்ணாம்பு என்று சொன்ன அம்மா இரண்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, உப்பு ஒரு கல் கூட வேண்டும் என்றார். மாவு தீர்ந்ததும் ஜவுளிக்கடைக்காரர் மட்டும் என் கணவரைத் தனியாக அழைத்துப்போய், எதுவானாலும் முன்கூட்டியே தமக்குச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டு தொலைபேசி எண்ணை வாங்கினார்.

இந்தக் கல்தான் வேண்டும் என்றேன். என் கணவர் நோட்டைப் புரட்டினார். ஆறில் மிக மோசமான கல் அதுதான், நடுவில் மூன்று மில்லிமீட்டர் பள்ளம் என்றார்.

"பள்ளம் கெடந்தாத்தான் வே எண்ணெ நிக்கும்," என்று கையிலிருந்த கடைசித் துண்டைச் சட்டினியில் துடைத்தபடி சொன்னார் டீக்கடை அண்ணாச்சி. என் கணவர் நோட்டை மூடிவிட்டார். அவர் தன் அளவை விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அன்றுதான்.

கல்லுக்குக் கால் வைத்துச் சட்டம் அடிக்கும்போது பாய் எங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: உங்கள் ஊரில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும்? மேற்கே பாபநாசம் பக்கமிருந்து என்றேன். காற்றில் தீ அலையாதபடி மூன்று பக்கமும் தகரம் வைத்து அடைத்து, கிழக்கை மட்டும் திறந்து விட்டார். மற்ற எந்தக் கடையிலும் எங்களை யாரும் இதைக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோடு ஆட்டோவில் கல் வந்து இறங்கியது. நாலு பேர் தூக்கி மரத்தடியில் வைத்தார்கள். எங்கள் புறவாசல்தான் ஒரு பக்கம் சரிவு என்பது அப்போதுதான் தெரிந்தது. ஊர்ச் சாலையெல்லாம் மட்டம் பார்த்தவர் சொந்தப் புறவாசலைப் பார்க்கவில்லை. ஒரு காலுக்கு அடியில் செங்கல்லைச் செருகிவிட்டு, அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்றார். நாத்தனாரின் கணவர் அன்று முழுவதும் அதைப் பற்றித்தான் பேசினார். தோசை திருப்பிக்கொண்டே அவருடைய நகைச்சுவைகள் எல்லாவற்றையும் முதல் முறையாக முழுதாகக் கேட்டேன். அவருடைய அலுவலக மின்விசிறியைப் பற்றியே மூன்று. அடுப்படியிலேயே இருந்திருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாவு ஊற்றி முடித்த நேரத்தில் மழை பிடித்தது. பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடினார்கள். கல்லில் ஆறு தோசை கிடந்தன. என் கணவர் ஒரு குடையும் நாத்தனாரின் கணவர் ஒரு குடையும் எடுத்துவந்து, கல்லுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் யார் தலைக்கும் குடை இல்லை. நாத்தனார் மாவுப் பாத்திரத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். இரண்டு குடைகளுக்கும் நடுவே சொட்டிய தண்ணீர் சூடான கல்லில் விழுந்து குதித்து ஓடியது. ஆறையும் திருப்பி எடுத்து, அங்கேயே நின்று, நனைந்துகொண்டே தின்றோம். என் தோசையில் ஒரு மாவிலை ஒட்டியிருந்தது. எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன்.