மந்தைத் தெருவில் நின்றுபோகும் கார்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த காரைச் செய்த கம்பெனி இப்போது இங்கே இல்லை. வெளிநாட்டில் பெரிதாக இருந்த கம்பெனி ஒன்று, சாதாரணச் சம்பளக்காரர்களும் கார் ஓட்டட்டும் என்று விலை குறைந்த வண்டிகளுக்குத் தனியாக ஒரு பெயர் வைத்துக்கொண்டு இங்கே இறங்கியது. மதுரை பைபாஸ் ரோட்டில் கண்ணாடிச் சுவர் வைத்து ஷோரூம் திறந்தார்கள், பலூன் கட்டினார்கள், வந்தவர்களுக்கெல்லாம் சாவிக்கொத்து கொடுத்தார்கள். சில வருடங்களில் வியாபாரம் படுத்துவிட்டது. பெயரையே சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கட்டிடத்தில் இப்போது டைல்ஸ் கடை நடக்கிறது.

வேலைக்குப் போய்வர ஒரு பழைய கார் வாங்கலாம் என்று சென்ற மாதம் செல்போனில் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான்தான், கல்லூரிக்குள் போனவளும் நான்தான், சொந்தச் சம்பளத்தில் கார் வாங்கப்போகிறவளும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைக்கவில்லை. தேடலில் அந்தப் பழைய பெயரும் வந்து விழுந்தது. அந்த வண்டியை வைத்திருந்தவர்கள் எழுதிய அனுபவங்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். குறை சொல்லாத ஆளே இல்லை. கதவைச் சாத்தினால் தகர டின்னைத் தட்டியதுபோலச் சத்தம் வரும், முன்கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர், ரேடியோ இருக்கவேண்டிய இடத்தில் செல்போனைச் செருக ஒரு கொக்கி, ஏசியைப் போட்டால் மேட்டில் ஏற முக்கும், கம்பெனி போனபிறகு உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, கடைசியில் எல்லாரும் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள். இத்தனை வருடத்தில் நடுவழியில் ஒருநாளும் நின்றதில்லை.

எங்கள் கார் நிற்கும். எப்போது கிளம்பினாலும் நிற்கும், அதுவும் ஒரே இடத்தில் நிற்கும்.

எங்கள் ஊர் சோழவந்தானுக்கும் வாடிப்பட்டிக்கும் நடுவில் வயலும் தென்னந்தோப்புமாக இருக்கும். நாங்கள் இருந்த தெரு ஊருக்குக் கிழக்கே தனியாக, வாய்க்காலைத் தாண்டி இருந்தது. அங்கிருந்து மெயின் ரோட்டுக்குப் போக ஒரே பாதைதான். தண்ணீர்த் தொட்டியில் ஆரம்பித்து, ஊர்க் கூட்டம் கூடும் மந்தைத் திடல் வழியாக, பால் சொசைட்டி வரைக்கும் போகும் தெரு. இரண்டு பக்கமும் நிலம் வைத்திருக்கிறவர்களின் மாடி வீடுகள். மந்தையில் ஒரு சாவடி. அதில் எந்நேரமும் நாலைந்து பேர் சீட்டு விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

அப்பா வாடிப்பட்டியில் ஒரு தேங்காய் வியாபாரியிடம் வேன் ஓட்டினார். கம்பெனி மூடப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் அந்த வியாபாரியின் மகன் தன் காரைத் தலைமுழுக நினைத்தான். அப்பா அதை வாங்கிக்கொண்டார். சிவப்பு நிறம். எங்கள் தெருவுக்கு வந்த முதல் கார் அது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

தண்ணீர்த் தொட்டியை நெருங்கியதும் எஞ்சின் அடங்கிவிடும். அப்பா இறங்கி, இடது கையை ஜன்னலுக்குள் விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வலது கையால் கதவோரத்தைத் தள்ளுவார். அம்மா பின்னாலிருந்து தள்ளுவாள். நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன். சில நாள் கழித்து என்னையும் இறக்கி நடக்கவிட்டார்கள். கல்யாணத்துக்குப் போக நல்ல சேலை கட்டியிருந்தாலும் அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு தள்ளுவாள். சாவடியைக் கடக்கும்போது சீட்டு விளையாடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களில் ஒருவர், ஊரில் பெரிய தோப்பு வைத்திருந்தவர், அம்மா களை எடுக்கப் போகும் வயலுக்குச் சொந்தக்காரர், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்பார்.

“என்னடா, இன்னைக்கும் படுத்துருச்சா?”

“ஆமாங்கய்யா. விலைக்கேத்த வண்டிதானங்கய்யா.”

“ரெண்டு மாட்டப் பூட்டிரு. பெட்ரோலாவது மிச்சம்.”

எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். பால் சொசைட்டி தாண்டியதும் நாங்கள் ஏறிக்கொள்வோம். அப்பா சாவியைத் திருகுவார். வண்டி ஒரே முறையில் கிளம்பிவிடும்.

எனக்கு அவமானமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் கூடப் படித்த பெண்ணிடம், அந்தக் கம்பெனி வண்டியை மட்டும் உங்கள் அப்பாவை வாங்கவிடாதே, தெருத்தெருவாகத் தள்ளவேண்டும் என்று பெரிய மனுஷிபோலச் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் அப்பாவிடமே கேட்டேன். நின்றவுடனே சாவியைத் திருகினால் என்ன, எதற்குப் பால் சொசைட்டி வரை தள்ளவேண்டும்? அப்பா கொஞ்சம் யோசித்தார்.

“சூடா இருக்கும்ல தாயி. அந்த எடத்துல ஸ்டார்ட் பண்ணா தீப்பிடிச்சிரும்.”

அன்றிலிருந்துதான் பயம் ஆரம்பித்தது. காருக்குள் உட்கார்ந்தால் என் கண் பானட்டை விட்டு நகராது. வெயிலில் அதன்மேல் காற்று நெளிவது புகையாகத் தெரியும். பெட்ரோல் வாசம் வந்தால் கதவுப் பிடியைப் பிடித்துக்கொள்வேன். எப்படிக் குதிப்பது, முதலில் அம்மாவை எழுப்புவதா கதவைத் திறப்பதா என்று மனதுக்குள் ஒத்திகை பார்ப்பேன். தள்ளும்போதுதான் நிம்மதி. தள்ளிக்கொண்டு போகிற வண்டி எரியாது.

வண்டி ஒருநாளும் நின்றதில்லை என்பது இப்போது எனக்குத் தெரியும். அப்பாதான் நிறுத்தினார். எங்கள் தெரு ஆட்கள் மந்தைத் தெருவில் எதிலும் ஏறிப் போகக்கூடாது. சைக்கிள் வந்த காலத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு போனார்கள். பைக் வந்தபோது எஞ்சினை அணைத்துத் தள்ளினார்கள். செருப்பைக் கையில் எடுப்பது மட்டும் அம்மா சிறுமியாக இருந்த காலத்தோடு போயிருந்தது. கார் விஷயத்தில் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. எங்களிடம் கார் வரும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். அப்பா தானாகவே அந்தச் சட்டத்தைக் காருக்கும் நீட்டிக்கொண்டார். வண்டி கோளாறு என்று சொல்லிவிட்டால் அவர்களும் எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, அவரும் எதையும் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. கம்பெனிக்கு ஏற்கெனவே இருந்த கெட்டபெயர் அவருக்கு வசதியாகப் போயிற்று. நல்ல கம்பெனி வண்டி தினமும் ஒரே இடத்தில் நின்றால் யார் நம்புவார்கள்?

சித்தப்பாவுக்கு மட்டும் இது பொறுக்காது. அவர் திருமங்கலத்தில் டயர் கடையில் வேலை பார்த்தார். லீவுக்கு வந்தால் தள்ளுவார், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுவார். “அண்ணே, இதுக்கு நீ தள்ளுவண்டியே வாங்கியிருக்கலாம்ணே” என்பார்.

அந்த வருடம் அம்மா மாசமாக இருந்தாள். எனக்குத் தம்பியோ தங்கையோ வரப்போகிறது. டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், அடுப்படியில் நின்ற அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சேலையெல்லாம் நனைந்திருந்தது. தண்ணீர் கொட்டிவிட்டது என்று நினைத்தேன். பிறகு அதில் சிவப்பைப் பார்த்தேன். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். நாலுவழிச் சாலையில் விபத்தாம், வர நேரமாகும் என்றார்கள். நல்லவேளை, அப்பாவும் சித்தப்பாவும் வீட்டில் இருந்தார்கள். இரண்டு பேருமாக அம்மாவைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். என்னைத் தனியாக விட ஆளில்லாமல் முன்சீட்டில் ஏற்றினார்கள். சித்தப்பா அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

தண்ணீர்த் தொட்டி வந்தது. அப்பாவின் கை பழக்கத்தில் சாவியைத் திருகிவிட்டது. எஞ்சின் அடங்கியது.

முன்னால் பார்த்தேன். மந்தையில் பந்தல். யாரோ பெரிய வீட்டில் காதுகுத்து. தெருவை அடைத்துக்கொண்டு நாற்காலிகள், ஆட்கள், பந்தி முடிந்து கைகழுவும் கூட்டம். அப்பா இறங்கி ஜன்னலுக்குள் கையை விட்டார்.

“அவங்க மாமன் மச்சான் எல்லாம் வந்திருக்கானுக. இறங்குடா, தள்ளு” என்றார் சித்தப்பாவிடம். குரல் அப்பாவுடையது போலவே இல்லை.

“அண்ணே, மதினியப் பாருண்ணே.”

“இறங்குடான்னா.”

“இந்தக் கூட்டத்துக்குள்ள எப்பண்ணே தள்ளி முடிக்க? நான் இறங்கமாட்டேன்.”

அப்பா தனியாகத் தள்ளினார். ஒரு ஆளாகத் தள்ள அது நகர்ந்தது, ஆனால் எறும்பு ஊர்வதுபோல நகர்ந்தது. அவர் கழுத்து நரம்பு என் கண்ணுக்கு நேரே புடைத்து நின்றது. பின்னால் அம்மா முனகுவது நின்றுபோயிற்று. அது முனகலைவிடப் பயமாக இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா கண்ணைத் திறந்து காரின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. அப்பாவிடம் அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றும் சத்தமாகப் பேசவில்லை.

“வண்டிக்கு ஒண்ணும் இல்ல. ஏறி எடுங்க.”

அப்பா நின்றார். சட்டைக் கையில் முகத்தைத் துடைத்தார். கதவைத் திறந்து உள்ளே வந்து உட்கார்ந்தார். அவர் கை சாவிக்குப் போவதைப் பார்த்ததும் நான் அலறினேன்.

“வேணாம்ப்பா! தீப்பிடிச்சிரும்ப்பா!”

சாவி திரும்பியது. எஞ்சின் கிளம்பியது. நான் இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிக்கொண்டு முகத்தை மூடினேன். பானட் வெடிக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது வேறு சத்தம். ஹாரன். எங்கள் கார் ஹாரனை அந்தத் தெருவில் அதுவரை நான் கேட்டதில்லை. அப்பா ஒருமுறை அடித்தார். பிறகு கையை எடுக்கவே இல்லை.

விரல் இடுக்கில் பார்த்தேன். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நாற்காலி ஒன்று சரிந்தது. ஈரக் கையோடு நின்ற தோப்புக்காரர் எங்களையே பார்த்தார். அவர் வாய் திறந்திருந்தது, ஆனால் படுத்துருச்சா என்று அவர் கேட்கவில்லை. யாரோ ஒருவன் பின்கண்ணாடியில் ஓங்கித் தட்டினான். “டேய், நிறுத்துடா!” என்ற குரல் எங்களோடு கொஞ்சதூரம் ஓடிவந்து விட்டுப்போனது. பால் சொசைட்டி கடந்தது. தீப்பிடிக்கவில்லை. ஆனாலும் மெயின் ரோடு வரை அப்பா ஹாரனை விடவில்லை. அவருக்கும் என் பயம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வாடிப்பட்டி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கடிந்துகொண்டார்.

“இம்புட்டு ரத்தம் போற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“வண்டி நின்னுருச்சும்மா” என்றார் அப்பா.

“நிக்கலம்மா, நிறுத்துனோம்” என்றார் சித்தப்பா.

டாக்டரம்மாவுக்கு அதைக் கேட்க நேரமில்லை. கதவு சாத்திக்கொண்டது. வெளியே நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். வெயில் தாழும்போது நர்ஸ் வந்து, ஆம்பளைப் புள்ளை, தாயும் பிழைத்தாள் என்று சொன்னார். சித்தப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். தம்பி ஒரு வெள்ளைத் துணிக்குள் கோபமாக முழித்துக்கொண்டிருந்தான். அம்மா தூங்கினாள். உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது.

அப்பா உள்ளே வரவில்லை. தேடிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவர் காரின்மேல் சாய்ந்து, ஊர்ப் பக்கமிருந்து வரும் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு பைக் வரும்போதும் அவர் முதுகு நிமிர்ந்தது. அது கடந்துபோனதும் தளர்ந்தது. நான் பக்கத்தில் போய்ப் பானட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஆறியிருந்தது.

“தம்பி பொறந்துட்டான்ப்பா. வண்டி எரியவே இல்ல பாத்தீங்களா?”

“இன்னும் வீட்டுக்குப் போகலைல்ல தாயி” என்றார்.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு பெரிய ஆள் ஒரு எஞ்சினுக்கு இப்படிப் பயப்படுகிறாரே என்று தோன்றியது. அவரைத் தேற்ற எனக்கு ஒரு நல்ல வழி தெரிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

“போகும்போது தள்ளிக்கிட்டே போயிரலாம்ப்பா. அம்மாவுக்குப் பதிலா நான் தள்ளுறேன்.”

அப்பா சாலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு என் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, அங்கே ஏதோ காயம் இருக்கிறதா என்று தேடுகிறவரைப் போல, வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். என் கையில் ஒன்றும் இல்லை. இவ்வளவு சின்னக் கையால் தள்ள முடியுமா என்று சந்தேகப்படுகிறார்போல என்று நினைத்து, பலம் தெரியட்டும் என்று அவர் விரல்களை நான் இறுக்கிப் பிடித்துக் காட்டினேன்.