த்ரூ என்றால் முடிந்தது

என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். இதை என்னிடம் சொன்னவர் அவரேதான். கல்யாணமான புதிதில் நான் நம்பியும் தொலைத்தேன்.

போர்ட் பிளேரில் ஒரு சரக்குக் கம்பெனியின் குடோனில் அவருக்கு வேலை. இங்கே ஆளைக் குறைத்தபோது அவரைச் சென்னைக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். எனக்கோ இதே ஊரில் ஷாதிபூரில் வீடு, சர்க்கார் வேலை. விட்டுவிட்டுப் போக முடியாது. அதனால் அவர் மெயின்லேண்டில், நான் தீவில். எப்போதாவது லீவில் வருவார். வந்து, குளிக்கப் போகும்போது துண்டு எங்கே இருக்கிறது என்று விருந்தாளி மாதிரி கேட்பார். கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். அவர் கப்பல் ஏறிப் போனபிறகு அதை நினைத்தால் அழுகை வரும். திரும்ப இங்கேயே போடச் சொல்லி மேனேஜரை அவர் விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மேனேஜரிடமிருந்து மெசேஜ் வந்தது. 'சாரி, போர்ட் பிளேர் ட்ரான்ஸ்ஃபர் ஃபெல் த்ரூ.' அதை அப்படியே எனக்குத் தள்ளிவிட்டு உடனே போன் செய்தார்.

"த்ரூ ஆயிருச்சு. கிளம்பி வர்றேன்."

த்ரூ எங்களுக்குப் புழங்கின வார்த்தைதான். ஆபீஸில் ஒரு ஃபைல் பெரிய அதிகாரியின் மேஜையைத் தாண்டிவிட்டால் த்ரூ ஆயிருச்சு என்போம். பக்கத்து சீட்காரர் ஹிந்தியில் 'பார் ஹோ கயா' என்பார், அக்கரை சேர்ந்துவிட்டது என்று. தீவில் இருப்பவர்களுக்கு அக்கரை சேர்வதைவிட நல்ல சேதி எது? இருந்தாலும் அந்த சாரி எதற்கு என்று கேட்டேன். இவ்வளவு நாள் இழுத்தடித்ததற்கு வருத்தம் தெரிவிக்கிறாராம். சரி, ஃபெல் எதற்கு என்றேன். ஆர்டர் மேலிடத்திலிருந்து கீழே இறங்கியிருக்கிறதாம். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார்.

மேனேஜர் வெளியூர் போயிருந்தார். அவர் திரும்பும்வரை இவருக்குப் பொறுக்கவில்லை. லீவு எழுதிக் கொடுத்தார், வாடகை அறையைக் காலி செய்தார், மிக்ஸி, குக்கர், மெத்தை, டேபிள் ஃபேன் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். நடுக்கடலில் போன் எடுக்காது.

நான் கேசரி கிண்டி மாடி வீட்டுக்கு எடுத்துப் போனேன். அங்கே குடியிருக்கும் வங்காளி அக்காவை தீதி என்று கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். பெருமையோடு மெசேஜைக் காட்டினேன். தீதி வாயில் இருந்த கேசரியை மெதுவாக விழுங்கினார்.

"யே தோ நஹீ ஹுவா."

இது நடக்கவில்லை என்றார். ஃபெல் த்ரூ என்றால் ஓட்டைப் பையில் போட்டது நழுவிப் போன மாதிரியாம். கேம் த்ரூ என்று இருந்தால்தான் கிடைத்ததாம். எனக்கு வந்த கோபத்தில் பாதி மேனேஜர்மேல், பாதி அந்த பாஷைமேல். தமிழில் சம்பந்தம் தட்டிப் போகும், வேலை கைகூடும், படம் ஊத்திக்கொள்ளும். காதில் விழுந்த உடனே சிரிப்பதா அழுவதா என்று தெரிந்துவிடும். இவர்கள் விழுந்தாலும் த்ரூ, வந்தாலும் த்ரூ என்றால் குடும்பம் நடத்துகிறவர்கள் என்ன செய்வது?

கப்பல் வந்த அன்று ஹாடோ ஜெட்டியில் போய் நின்றேன். தோளில் மெத்தையும் கையில் குக்கருமாக இறங்கினார். ஆட்டோவில் வழியெல்லாம் திட்டம். இனிமேல் காய்கறி வாங்குவது அவர் பொறுப்பாம், தண்ணீர் வருகிற நேரத்துக்கு எழுந்து டிரம்மை நிரப்புவதும் அவர் பொறுப்பாம். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். கை கழுவி வந்ததும் சொன்னேன். அவர் நம்பவில்லை. போனை எடுத்து மேனேஜரிடம் கேட்டார். இல்லை என்று தெரிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"விழுந்தா விழுந்துச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே. த்ரூ எதுக்கு?" என்றார் கடைசியில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அது நின்றுபோனது.

லீவு முடிந்து திரும்பிப் போனார். சாமான்களை மறுபடி சுமக்க முடியாது என்று இங்கேயே விட்டுவிட்டார். ஒரு வீட்டில் இரண்டு மிக்ஸி, இரண்டு குக்கர். சாமானுக்கெல்லாம் ட்ரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, ஆளுக்குத்தான் ஆகவில்லை என்று போனில் கேலி செய்வேன். அங்கே குக்கர் இல்லாமல் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் அதற்கும் சிரிப்பார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் இன்னொரு மெசேஜ் வந்தது. இந்தத் தடவை 'கேம் த்ரூ'. நான் கேசரி கிண்டவில்லை. மாடிக்குப் போய் தீதியிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, ஹோ கயா, நடந்துவிட்டது என்றார். அப்போதும் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. இவரைப் போனில் கூப்பிட்டு, இங்கிலீஷெல்லாம் வேண்டாம், தமிழில் சொல்லுங்கள், நடந்ததா இல்லையா என்று கேட்டேன். ஆர்டர் கையில் இருக்கிறது என்றார். கையில் என்றால் உங்கள் கையிலா, மேனேஜர் கையிலா என்றேன். என் கையில்தான் தாயே என்றார்.

ஜெட்டியில் மறுபடியும் போய் நின்றேன். மூட்டையும் முடிச்சுமாக ஜனங்கள் இறங்கி வந்தார்கள். அவர் ஒரு துணிப்பையோடு, கையை வீசிக்கொண்டு இறங்கினார். கேலி செய்ய எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றதும் தீதி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, சாமானெல்லாம் எங்கே என்று ஹிந்தியில் கேட்டார். அதெல்லாம் முன்னாடியே வந்துவிட்டது, இதுதான் பாக்கி இருந்தது என்றேன். வீட்டுக்காரர் பையை வைத்துவிட்டு நேரே உள்ளே போய், கேட்காமலே துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.